விராலுக்கு எந்தக் குளம்? கீழ்பவானி ஓரத்து அனுபவம்

வெளிநாட்டுக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு ராடும் ரீலும் வாங்கிய தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, நம்ம பக்கம் எந்த ஏரி நல்லா இருக்கும்?" என்பதுதான். நம் குளங்களில் பாஸ் கிடையாது. அந்த இடத்தில் நமக்கு இருப்பது விரால். இரண்டும் வேறு வேறு குடும்பத்து மீன்கள், ஆனால் வேட்டையாடுகிற விதம் ஒன்றுதான்: செடி ஓரத்தில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேலே போகிற தவளையைப் பாய்ந்து அடிக்கும். அதனால்தான் அமெரிக்காவில் பாஸுக்காகச் செய்த, தூண்டிலில் இரையாகப் போடுகிற ரப்பர் தவளை நம் ஊர் ஆகாயத்தாமரைக்கு நடுவிலும் அப்படியே வேலை செய்கிறது.

எந்த ஏரி என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "எந்த மாசம் போறீங்க?" என்பதுதான். நான் இருப்பது பெருந்துறைப் பக்கம். இங்கே ஒரு குளம் நல்ல குளமா இல்லையா என்பதைக் குளத்தின் பரப்பு முடிவு செய்வதில்லை, வாய்க்கால்தான் முடிவு செய்கிறது. இது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது, புரிந்த பிறகு வெறும் கையோடு வீடு திரும்புவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கீழ்பவானிப் பிரதான வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. 2,07,000 ஏக்கர் பாசனம். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள், 120 நாள் நஞ்சைக்கு. ஜனவரியில் அடுத்த திறப்பு, புஞ்சைப் பயிருக்கு, விட்டு விட்டு வரும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாக முறை மாறும் என்பதால் ஒரு பக்கத்துக் குட்டைகள் தளும்பும்போது இன்னொரு பக்கம் கொஞ்சம் வற்றிக் கிடக்கும். மண் வாய்க்கால் என்பதால் ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கி, பள்ளத்துப் பக்கம் இருக்கிற கிணறுகளிலும் குட்டைகளிலும் ஊறி வருகிறது. இந்தக் கசிவுத் தண்ணீரை நம்பித்தான் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசன எல்லையில், இல்லாத எத்தனையோ தோட்டங்கள் பிழைக்கின்றன. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் பேச்சு வந்தபோது விவசாயிகள் அவ்வளவு கொதித்ததும் இதனால்தான். மீன் பிடிக்கிறவன் என்ற முறையில் நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த குளங்கள் எல்லாமே கசிவுத் தண்ணீர்க் குளங்கள்.

காரணம் இருக்கிறது. கசிவு ஊறி நிறைகிற குட்டையில் தண்ணீர் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். திடீர் வெள்ளம் வந்து செடியைப் பிய்த்துக்கொண்டு போகாது, கலங்கலும் குறைவு. ஓரத்துக் கோரையும் அல்லியும் அதே இடத்தில் மாசக்கணக்கில் நிற்கும். விரால் நிலைத்து இடம் பிடிக்க இது போதும். பக்கத்திலேயே நெல் வயல் இருந்தால் தவளைக்குப் பஞ்சமில்லை, விரால் அதைத் தேடி வரப்போரம் வரைக்கும் வரும். அப்படிப்பட்ட குட்டையில் நீங்கள் தவளையைப் போட்டு இழுப்பது, அது தினமும் தின்கிற சாப்பாட்டையே காட்டுவதுதான்.

தண்ணீர் திறந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் புதிதாக ஏறிக்கொண்டிருக்கும், காய்ந்து கிடந்த புல் எல்லாம் மூழ்கும், மீன் அந்தப் புல்லுக்குள் பரவிவிடும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடு. செப்டம்பர் பாதிக்கு மேல் தண்ணீர் மட்டம் ஒரு நிலைக்கு வந்துவிடும், அங்கிருந்து ஐப்பசி மழை பிடிக்கிற வரைக்கும்தான் என் கணக்கில் வருஷத்தின் நல்ல காலம். காலை ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும், எட்டு எட்டரையோடு சுருட்டிக்கொள்ளலாம். மார்கழி தையில் இது தலைகீழ். விடிகாலைக் குளிரில் விரால் மந்தமாகக் கிடக்கும், பனி விலகி வெயில் தண்ணீரில் விழுந்து ஒன்பது பத்து மணி ஆனால்தான் அசையும். ஆகவே தை மாசத்தில் நான் நிதானமாகக் காப்பி குடித்துவிட்டே போகிறேன்.

சித்திரை வைகாசியில் ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் கொடுக்கிற யோசனைகளிலேயே இதற்குத்தான் பலன் அதிகம். வற்றிய குளத்தை நடந்து பாருங்கள். எங்கே வண்டல் மண் அள்ளிப் பள்ளமாகி இருக்கிறது, பழைய வாய்க்கால் தடம் எந்தப் பக்கம் வளைகிறது, எந்தக் கருவேல மரம் சாய்ந்து கிடக்கிறது, மதகுக்கு முன்னால் கல் எப்படிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கூடவே கரையில் நிற்கிற ஒரு பனை மரத்தையோ மின்கம்பத்தையோ சேர்த்து எடுத்தால், தண்ணீர் நிறைந்த பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அடையாளம் ஆகும். பள்ளத்தின் விளிம்பில் விரால் இருக்கும். பள்ளம் எங்கே என்று தெரிந்தால் உயிருக்கும் நல்லது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்துக் காலை வைக்கிற இடத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கிற குளங்கள் நம் பக்கம் நிறைய. மண் அள்ளுகிற லாரிகள் சமமாகவா தோண்டுகின்றன? நீச்சல் தெரிந்தவர்களே சேற்றில் சிக்கிப் போன இடங்கள் உண்டு. கரையில் இருந்து எறிய முடியாத மீன் நமக்கு வேண்டாம்.

குளம் முழுக்க வற்றினாலும் விரால் ஒரேயடியாகப் போய்விடாது. அதற்கு மேல்காற்றை உறிஞ்சுகிற உறுப்பு செவுளுக்கு மேலேயே இருக்கிறது. ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த தண்ணீர் வரும் வரை தாக்குப்பிடிக்கும், மழை ராத்திரியில் ஈரத் தரையில் நெளிந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடவும் செய்யும். எங்கள் அப்பிச்சி காலத்தில் மழை விட்ட காலையில் வயல் வரப்பில் விரால் எடுத்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. காற்றுக்காக அது மேலே வருவது நமக்குப் பெரிய உதவி. கரையில் பத்து நிமிஷம் எதுவும் எறியாமல் நில்லுங்கள். "பொளக்" என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். கெண்டை துள்ளினால் சத்தம் சிதறும், விரால் காற்றெடுத்தால் ஒரே சத்தமாக அடங்கும். அந்த வட்டத்தின் மேலேயே எறியக் கூடாது. இரண்டு மூன்று அடி தாண்டிப் போட்டு, மெதுவாக அதன் வழியே இழுத்து வாருங்கள்.

அணைகளைப் பற்றியும் கேட்பார்கள். பவானிசாகர் 1955-இல் முடிந்த மண் அணை, பவானியும் மோயாறும் சேருமிடம். பார்க்க அழகு, கட்லாவும் ரோகுவும் வாளையும் இருக்கும், ஆனால் தவளை போட்டு விரால் தேடுகிறவனுக்கு அது உகந்த தண்ணீர் அல்ல. மட்டம் அடிக்கடி பல அடி ஏறி இறங்குவதால் ஓரத்தில் செடி வேர் பிடிப்பதே கஷ்டம். அதைவிட, நீர்த்தேக்கத்தின் பின்பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், யானைகள் தண்ணீருக்கு வருகிற வழி. அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. உடுமலை அமராவதி அணை ஜிலேபி மீனுக்குப் பேர் போனது. ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன், இன்றைக்கு அது இல்லாத தண்ணீரே அபூர்வம். அமராவதியில் முதலையும் உண்டு, அங்கே 1976-லேயே முதலைப் பண்ணை அமைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போய் வறுத்த மீன் சாப்பிட்டு வர நல்ல இடம். ஆழியாறும் திருமூர்த்தியும் அப்படியே, என் கணக்கில் சுற்றுலாவுக்குத்தான்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து நண்பர்கள் கீழ்பவானி காலண்டரைப் பார்த்துப் பயனில்லை. உங்களுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் நான்கு மண்டலமாக முறை வைத்து வருகிறது. உங்கள் ஊர் எந்த மண்டலம், இப்போது எந்த மண்டலத்துக்குத் திறந்திருக்கிறது என்று தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும் நாக்கு நுனியில் சொல்வார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வகை இன்னொன்று அந்தியூர்ப் பக்கத்துச் சங்கிலி ஏரிகள். பர்கூர் மலையில் மழை பெய்தால் வரட்டுப்பள்ளம் அணை நிறையும், அங்கே வழிகிற தண்ணீர் கெட்டிசமுத்திரம் ஏரிக்கு, அங்கிருந்து அந்தியூர்ப் பெரிய ஏரிக்கு. இது வாய்க்கால் தேதியைப் பார்ப்பதில்லை, மலை மழையைப் பார்க்கிறது. இந்த மாதிரிச் சங்கிலியில் கவனிக்க வேண்டிய இடம் தண்ணீர் உள்ளே வருகிற வாய். மேல் ஏரி வழிகிறது என்று கேள்விப்பட்டால் பாய்ச்சல் ஓய்கிற வரை பொறுத்திருந்து, கீழ் ஏரியின் வரத்து முனையில், ஓடுகிற தண்ணீர் நிற்கிற தண்ணீரோடு சேருகிற கோட்டில் எறியுங்கள். கெண்டையும் குஞ்சு மீனும் அங்கே கூடும், அதைத் தேடி விரால் வரும்.

கோவைக் குளங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நொய்யல் வாய்க்கால்களில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்த குளங்கள், எவ்வளவு அறிவோடு அந்தக் காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், அப்புறம் கிழக்கே சூலூர் வரைக்கும். நகரத்துக்குள் இருப்பவற்றில் பலவற்றுக்கு இப்போது கரை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்துவிட்டார்கள். மக்கள் மாலையில் நடக்கிறார்கள், அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விரால் வாழ்வது கரைக்கும் ஆழத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று அடி ஆழ, புல்லும் கோரையும் மண்டிய ஓரத்தில்தான். கூடு கட்டுவதும் அங்கேதான். அதைக் கல் பாவி நேர்க்கோடாக்கினால் விராலுக்கு வீடில்லை. சாக்கடை கலக்கிற குளத்து மீனை நான் சாப்பிடுவதும் இல்லை, பிறருக்குக் கொடுப்பதும் இல்லை. அங்கே தூக்கி எறிந்த அலங்கார மீனும் வளர்க்கத் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் பெருகுகின்றன. அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் தயவு செய்து திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள், வேறு குளத்துக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள்.

வெள்ளோடும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயங்கள். இரண்டுமே உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன, வெள்ளோடு 2022-இல், நஞ்சராயன் 2024-இல். அங்கே ராடை எடுத்துக்கொண்டு போகிற பேச்சுக்கே இடமில்லை. பைனாகுலர் எடுத்துப் போங்கள், கூழைக்கடா மீனை வாரி எடுக்கிற விதத்தைப் பார்த்தால் நாம் எதற்கு இவ்வளவு செலவு செய்து தூண்டில் வாங்கினோம் என்று தோன்றும், அவ்வளவு திறமை.

புதிதாகக் கவனிக்க வேண்டியது அத்திக்கடவு அவிநாசித் திட்டக் குட்டைகள். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தார்கள், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து உபரித் தண்ணீரைப் பம்ப் செய்து குழாயில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள். நாங்கள் சின்ன வயசிலிருந்து முள்ளுக்காடாகவே பார்த்த குட்டைகளில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கிறபோது மனசு நிறைகிறது. ஆனால் மீனுக்கு அவசரப்பட வேண்டாம். வருஷக்கணக்கில் காய்ந்த குட்டையில் தண்ணீர் வந்த கையோடு விரால் வந்துவிடாது. முதலில் பாசி, அப்புறம் பூச்சி, தவளை, கெண்டை, எல்லாம் வந்த பிறகே விரால் தங்கும். இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து தண்ணீர் நின்ற குட்டை எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அதுவே போதும்.

சின்னக் குளத்தில் பெரிய மீன் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பெருவாய் பாஸ் மீனில் உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. பிடித்த இடமான மான்ட்கோமரி ஏரி பெரிய நீர்த்தேக்கம் கிடையாது, ஓர் ஆறு தடம் மாறியபோது விட்டுச் சென்ற பழைய வளைவு. 2009-இல் ஜப்பானில் மனாபு குரிடா ஏறக்குறைய அதே எடைக்குப் பிடித்துச் சாதனையைச் சமன் செய்தார், அது நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவாவில். இரண்டும் நடக்கும். விராலைப் பொறுத்தவரை நான் பெர்ரி கட்சி.

சாமான் விஷயத்துக்குச் சுருக்கமாக வருகிறேன். ஆறரை முதல் ஏழு அடி ராடு, மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் விறைப்பானது. செடிக்குள் இருந்து மீனை இழுக்க வேண்டும் என்பதால் சாதாரண நரம்பு வேண்டாம், 30 முதல் 50 பவுண்டு தாங்குகிற பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு, போடுங்கள். தவளை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் வாங்கிய உடனே இரண்டு வேலை செய்யுங்கள். அதில் இருக்கிற தூண்டில் முள் இரண்டையும் பிளையரால் மிக லேசாக வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள், தொங்குகிற ரப்பர் கால்களைப் பாதியாக வெட்டிவிடுங்கள். காலை மட்டும் கடித்துவிட்டு விடுகிற மீன்கள் இதில் குறையும். செடி இல்லாத திறந்த தண்ணீரில் தவளையைவிட ஸ்பின்னர், அதாவது சுழலும் தகடு வைத்த செயற்கை இரை, மேல்.

எல்லாரும் தடுமாறுகிற இடம் அடி விழுகிற அந்தக் கணம். தண்ணீர் வெடித்த உடனே கை தானாக இழுக்கும், தவளை காற்றில் பறந்து வரும், மீன் போய்விடும். வெடித்ததும் ராடைத் தாழ்த்துங்கள், நரம்பில் கனம் தெரிகிற வரை பொறுங்கள், அதற்குப் பிறகு ஓங்கி இழுங்கள். இழுத்த பிறகு இரக்கம் காட்டாதீர்கள், தலையைச் செடிக்கு மேலே கொண்டுவந்து வழுக்கிக்கொண்டே கொண்டுவர வேண்டும். ஒரு நொடி தளர்த்தினால் தண்டுக்குள் சுற்றிக்கொள்ளும்.

இனி சொல்லப் போவது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறமாக, கொதிக்கிற மாதிரி, சின்னச் சின்னக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போவதைப் பார்ப்பீர்கள். அதற்கு அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் கட்டாயம் அடிக்கும், பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அந்த மீனைத் தூக்கிவிட்டால் கெண்டையும் ஜிலேபியும் அந்தக் கூட்டத்தில் பெரும் பங்கைத் தின்று தீர்த்துவிடும். ஒரு தலைமுறை போச்சு. இதைச் சாதனை என்று போட்டோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் அந்தக் கரையையே விட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் குட்டையில் அடுத்த வருஷமும் விரால் இருக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை.

கடைசியாகக் குத்தகை. நம் பக்கம் பெரும்பாலான குளங்களில் மீன்பாசி குத்தகை ஓடும். தண்ணீர் பொதுவாக இருந்தாலும் மீன் குத்தகைக்காரருடையது. கேட்காமல் இறங்கக் கூடாது. கேட்பதில் கூச்சம் எதற்கு? ஒரு குத்தகைக்காரர் முதல் தடவை என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, ரப்பர் தவளையைப் போட்டு மீனு புடிக்கறீங்களாட்ட இருக்குது?" என்று சிரித்தார். "ஆமாங்கய்யா, கட்லா ரோகு பக்கம் போகமாட்டேனுங்க, விரால் மட்டுந்தானுங்க" என்றேன். "சரி கண்ணு, உட்ட குஞ்சையெல்லாம் அதுதான் திங்குது, புடிச்சதை எங்கிட்டக் காட்டிப்போட்டுப் போங்க. குஞ்சோட இருக்கறதை மட்டும் தொட்டுப்போடாதீங்க" என்றார். இன்றைக்கும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வருகிறேன், எடை போட்டு அன்றைய விலை கொடுத்துத்தான் எடுக்கிறேன். விரால் விலை எல்லாருக்கும் தெரியும், அவர் பிழைப்பு அது. சாப்பிடத் தேவைப்பட்டால் ஒன்று போதும். மற்றதைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, உடனே விட்டுவிடுங்கள். மேல்காற்றில் சுவாசிக்கிற மீன் என்பதால் பிழைத்துக்கொள்ளும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கொக்கு நாரையின் காலில் அது சுற்றினால் அவிழாது.

முதல் தடவை போகிறவர்கள் உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள், கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும், ஷூ போடாமல் நடக்காதீர்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரியாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவரிடம் "கிணத்துல தண்ணி எவ்வளவு ஏறியிருக்குதுங்க?" என்று கேளுங்கள். கிணறு ஏறியிருந்தால் குட்டையும் ஏறியிருக்கும்.